கிர்கிஸ்தானில் சொன்ன ஓம்

ஒட்டுசுட்டான் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, வெள்ளைத் தொப்பிக்காரரின் மில் எது என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டுவார்கள். முன்பு என்னை மில்காரர் என்றுதான் சொல்வார்கள். அதுவும் நான் உழைத்து எடுத்த பெயர்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் நெல் மில் வைத்திருப்பவர்கள் வேறும் இருக்கிறார்கள். வெள்ளைத் தொப்பி வைத்திருப்பவன் நான் ஒருவன்.

தொப்பி செம்மறி ஆட்டுக் கம்பளியில் செய்தது. மடித்தால் கடதாசி போலத் தட்டையாகிவிடும். விரித்துத் தலையில் வைத்தால் சின்னக் கோபுரம் மாதிரி எழும்பி நிற்கும். ஓரத்தில் கறுப்பு நூல் வேலை. எங்கள் வெயிலுக்குள் கம்பளித் தொப்பியோடு போகிறவரைக் கண்டால் நாய்கூட ஒருதரம் நின்று பார்க்கும் என்று என் மனைவி சொல்வாள். பார்க்கட்டும். அதை என் தலையில் வைத்தவர்கள் ஒரு நாட்டின் சுதந்திர தினத்தன்று, ஒரு கூடாரம் நிறைந்த சனமாக எழுந்து நின்று வைத்தார்கள். இந்த மாவட்டத்தில் வேறு எவருக்கு அப்படி நடந்தது?

அந்த நாட்டின் பெயர் கிர்கிஸ்தான். சொல்லிப் பழக எனக்கே கொஞ்சக் காலம் எடுத்தது. ஊரில் எல்லோருக்கும் அது ரஷ்யா. "மில்காரரின்ர மகள் ரஷ்யாவில டொக்டருக்குப் படிக்கிறா" என்பார்கள். நான் திருத்துவதில்லை. ரஷ்யா பெரிய நாடு, கேட்கவும் கனமாக இருந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரை, மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். மீசை அரும்பிய வயதில் அங்கே இருக்க முடியாத ஒரு காலம் வந்தது. வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல், ஒரு துணிப்பையோடு லொறி ஏறி வன்னிக்கு வந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே வயல் செய்துகொண்டிருந்தார். "நாளைக்கு விடிய வேலைக்கு வருவியோ?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவர் சிரித்தார்.

"இஞ்ச ஓம் எண்டு சொல்லவேணும் தம்பி. ஆமாங்க எண்டால் வாறியோ இல்லையோ எண்டு எனக்கு விளங்காது."

அன்றிலிருந்து ஓம். வன்னியில் நான் கற்ற முதல் பாடம் அந்த ஒற்றைச் சொல். அதை வைத்துத்தான் எழும்பினேன். அவர் தன் வயலில் ஒரு துண்டை என்னை நம்பி விட்டபோது எழுத்து ஒன்றும் எழுதவில்லை. "ஒழுங்காச் செய்வியோ?" என்றார். "ஓம்" என்றேன். பிறகு அவருடைய மகளையே பெண் கேட்டேன். ஊர் வாயில் கை வைத்தது. அவர் கனநாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, ஒருநாள் வரம்பில் வைத்துக் கேட்டார். "அவளைக் கண்கலங்காமல் பாப்பியோ?" "ஓம்." எங்கள் கலியாணப் பேச்சு அவ்வளவுதான்.

வயல் வந்தது, உழவு இயந்திரம் வந்தது, மில் வந்தது. யுத்தத்தில் அத்தனையும் போனது. முள்ளிவாய்க்கால்வரை நடந்து, மனைவியையும் மகளையும் உயிரோடு திரும்பக் கொண்டுவந்து, வெறுங்கையால் இரண்டாந்தரமும் உண்டாக்கினேன். ஒருதரம் எழும்பியவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். இரண்டுதரம் எழும்பியவன் யார் என்று கேட்டால் சந்தியில் என்னைத்தான் காட்டுவார்கள்.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் அந்த நாட்டில் வைத்தியப் படிப்பை முடிக்கும் தறுவாயில், மில்லுக்குப் பக்கத்துக் காணியில் நான் ஒரு சின்ன ஆசுபத்திரி கட்டினேன். நோயாளர் இருக்கக் கதிரைகள், மருந்து வைக்க அலுமாரி, கைகழுவத் தொட்டி எல்லாம் செய்தாயிற்று. அவளுடைய பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி போர்டும் மாட்டினேன். தைப்பொங்கலுக்குத் திறப்பு என்று ஒட்டுசுட்டான் முழுக்கச் சொன்னேன். அப்போதுதான் அவள் தொலைபேசியில் ஒரு கதை சொன்னாள்.

"அப்பா, இஞ்ச சின்னப்பிள்ளையளின்ர ஆசுபத்திரியில இன்னும் ரெண்டு வருசம் நிண்டு பழக என்னைக் கேக்கினம். எல்லாருக்கும் கிடைக்காத இடம்."

"சின்னப்பிள்ளையள் இஞ்சயும் இருக்குதுகள்."

"அதுகளைப் பாக்கத்தானே அப்பா பழகப்போறன்."

"போர்ட் எழுதி மாட்டியாச்சு பிள்ளை."

அதன் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. எடுத்தால் நான் மறுப்பதற்குத் தயாராக இருந்தேன். எடுக்காமல் விட்டதுதான் கரைச்சலாக இருந்தது. மனைவி ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள். "அவளின்ர குரல் சரியில்லை. ஒருக்காப் போய்ப் பாப்பம். அவை சுதந்திர தினம் கொண்டாடுற நேரமாம், வரச்சொல்லிக் கேக்கிறாள்."

"போவம். வரேக்க அவளையும் கூட்டிக்கொண்டு வருவம்" என்றேன். அதற்காகத்தான் போனேன். சுதந்திர தினம் பார்க்கப் போகவில்லை.

மகள் தலைநகரான பிஷ்கெக்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் வயது போன ஒரு லொறிச் சாரதி. பனிமலைகளுக்கு மேலால் சாமான் ஏற்றி ஓடியவர். என்னளவு உயரம்தான், ஆனால் அகலம் கூட. ஆளைக் கண்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. அவருடைய கை என் கை மாதிரியே காய்த்திருந்தது. அவர் மனைவி என் மனைவியைக் கட்டிப்பிடித்து வலக் கன்னத்தில் முத்தமிட்டார். என் மனைவி பிறகு குசினிக்குள் போய் மகளிடம், "அவா நல்ல மனுசி, ஆனால் திடீரெண்டு பிடிக்கிறா" என்றாள்.

ஆவணி மாதத்தின், அதாவது ஓகஸ்டின், கடைசி நாள் அவர்களுடைய சுதந்திர தினம். சோவியத் நாடு உடைந்த காலத்தில் பிரிந்து தனி நாடானவர்கள். காலையில் லொறிக்காரர் எங்களை நகரத்தின் பெரிய சதுக்கத்துக்குக் கூட்டிப்போனார்.

எங்கள் நாட்டுச் சுதந்திர தினமான மாசி நான்காம் திகதி என்றால் அரசாங்கக் கந்தோர்களில் கொடி ஏறும், பள்ளிக்கூடத்துக்கு லீவு. நான் மில்லை மூடுவதில்லை. நெல்லுக்கு லீவு தெரியாது. அந்த நாளில் எங்கள் ஊரில் ஒருவர் தானாக வீட்டைவிட்டு இறங்கி ஆடியதை நான் கண்டதில்லை, ஆடச் சொல்லி எவரும் கேட்டதும் இல்லை. அதனால் அங்கேயும் அணிவகுப்பும் பேச்சும்தான் இருக்கும், வெயிலில் நின்று கால் கடுக்கும் என்று நினைத்துப் போனேன்.

அணிவகுப்பு இருந்தது. பேச்சும் இருந்தது. பெரிய சிவப்புக் கொடி ஏறியபோது எல்லோரும் நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். ஆனால் அது முடிந்த பிறகுதான் விழா தொடங்கியது. மூன்று நரம்பு பூட்டிய ஒரு மர வாத்தியத்தை மடியில் வைத்து வரிசையாக இருந்து வாசித்தார்கள். வாசிக்கும்போதே கையைத் தூக்கி, சுழற்றி, வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்து வேடிக்கை காட்டினார்கள். பெண்பிள்ளைகள் தொப்பியில் இறகு குத்தி ஆடினார்கள். பார்த்துக்கொண்டு நின்ற சனமும் ஐஸ்கிரீமைக் கையில் பிடித்தபடி ஆடியது. ஒரு பொலிஸ்காரர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் காலால் தாளம் போட்டார். நான் பார்த்தேன்.

கொடியின் நடுவில் ஒரு மஞ்சள் சூரியன். சூரியனுக்குள் பின்னல் போட்டது போல ஒரு வட்டம். எனக்கு விளங்கவில்லை.

"உது என்ன பிள்ளை, பனையோலைக் கடகத்தின்ர அடியோ?"

"வீட்டுக் கூரை அப்பா. பின்னேரம் காட்டுறன்."

மதியத்துக்குப் பிறகு லொறிக்காரரின் ஊருக்குப் போனோம். நகரத்துக்கு வெளியே, தூரத்தில் வெள்ளை மலை தெரியும் ஒரு புல்வெளி. அங்கே குதிரை விளையாட்டு. குதிரைமேல் இருக்கும் இரண்டு கட்சிக்காரர், தலையில்லாத ஓர் ஆட்டை நிலத்திலிருந்து குனிந்து தூக்கி, ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்து, வட்டமாகக் கட்டிய ஒரு மேட்டுக் குழிக்குள் எறிய வேண்டும். ஆடு உர மூட்டை மாதிரிக் கனம். குதிரைகள் ஒன்றையொன்று நெஞ்சால் இடிக்கின்றன. புழுதியில் ஆள் தெரியவில்லை.

"உந்த ஆட்டை என்ன செய்வினம்?" என்று மனைவி கேட்டாள்.

"வெண்ட கட்சி சமைக்கும் அம்மா."

"இவ்வளவு அடிச்சா அவிய வைக்கத் தேவையில்லை."

லொறிக்காரர் என் தோளில் தட்டி, எப்படி எங்கள் குதிரைகள் என்று கையால் கேட்டார். ஒருவன் தன் ஊர்ப் பெருமையைக் காட்டும்போது நானும் என்னுடையதைச் சொல்லாமல் இருந்தால் அது மரியாதை இல்லை. "சொல்லு பிள்ளை" என்றேன். "நல்ல குதிரையள்தான். ஆனால் எங்கட பக்கத்தில மாட்டுவண்டில் சவாரி எண்டு ஒண்டு கிடக்கு. என்னட்ட ஒரு சோடி இருக்கு. அதுகள் வெளிக்கிட்டா இந்தக் குதிரையளுக்குப் பின்பக்கம்தான் தெரியும்."

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சோடி இருந்தது உண்மை. எத்தனையோ சவாரியில் முதலாவதாக வந்தவை. அந்த நேரத்தில் அவற்றுக்கும் என்னைப் போல வயது போய், பட்டியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அதை மொழிபெயர்க்கச் சொல்லி நான் சொல்லவில்லை. லொறிக்காரர் கண் விரியக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி எதையோ மனதில் வைத்துக்கொண்டார்.

சாப்பாடு ஒரு வட்டக் கூடாரத்துக்குள். மரச் சட்டத்துக்கு மேல் தடித்த கம்பளி போர்த்திய வீடு. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் வளைந்த தடிகள் குறுக்கும் மறுக்கும் போன ஒரு வட்டம், அதற்குள்ளால் ஆகாயம். காலையில் கொடியில் கண்டது அதுதான். என் கையால் இரண்டு வீடு கட்டியவன் நான். இரண்டுக்கும் கூரை போட்ட பிறகுதான் நித்திரை வந்தது. ஒரு நாடு கொடியில் சிங்கத்தையும் வாளையும் வைக்காமல் தன் கூரையை வைத்திருக்கிறது என்றால், அவர்களுக்கும் என்னைப் போல் கூரை போன அனுபவம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலுக்கு நேரெதிர் இடம்தான் பெரிய மரியாதைக்குரிய இடமாம். அங்கே என்னை இருத்தினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தரையில் விரித்த துணி தெரியாத அளவுக்குச் சாப்பாடு. எங்கள் வாய்ப்பன் மாதிரிப் பொரித்த மாவுருண்டைகளை அள்ளி இறைத்திருந்தார்கள். குதிரைப் பால் புளிக்க வைத்த ஒரு பானம் கிண்ணத்தில் வந்தது. மோருக்கும் கள்ளுக்கும் நடுவில் ஒரு சுவை. என் மனைவி மோர் என்று நினைத்து இரண்டு கிண்ணம் குடித்தாள். அதன்பிறகு அவளும் லொறிக்காரரின் மனைவியும், ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலே, நெடுநேரம் கதைத்தார்கள். கதைத்த உற்சாகத்தில் என் மனைவி தேத்தண்ணிப் பாத்திரத்தை வாங்கி லொறிக்காரரின் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றினாள். கூடாரமே சிரித்தது.

"என்ன பிழை விட்டனான்?"

"இஞ்ச அரைக் கிண்ணம்தான் ஊத்துறது அம்மா. நிரப்பி ஊத்தினால் குடிச்சிட்டு எழும்பிப் போ எண்டு அர்த்தம்."

"அவற்ற வீட்டில இருந்துகொண்டு அவரையே போகச் சொல்லிப்போட்டனோ" என்று என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள்.

பிறகு அவித்த ஆட்டுத் தலை ஒரு தட்டில் வந்தது. அதை என் முன்னால் வைத்தார்கள். மூத்த விருந்தாளி அதை வெட்டிப் பகிர வேண்டும். காதை இளையவருக்குக் கொடுப்பது வழக்கம், பெரியவர் சொல் கேட்பதற்காக. இது எனக்காகவே செய்த வழக்கம் என்று பட்டது. காதை வெட்டி மகளிடம் நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு வாங்கித் தின்றாள். லொறிக்காரர் கத்தியை வாங்கி மற்றக் காதை வெட்டி எனக்கு நீட்டினார்.

"காது பிள்ளைக்குத்தானே?"

"தேப்பனும் கேக்கவேணுமாம் அப்பா."

சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் பேச்சை விட்டு என்னைப் பார்த்தார்கள். மகள் என் பக்கம் குனிந்தாள்.

"அப்பா, இப்ப நீங்கள் பாட்டா சொல்லவேணும்."

"எனக்கு இன்னும் பேரப்பிள்ளை பிறக்கேல்லை. அதுக்குள்ள பாட்டாவோ?"

"அந்தப் பாட்டா இல்லை. வாழ்த்து. சாப்பிட்டாப் பிறகு மூத்தவர் ரெண்டு கையையும் விரிச்சு வாழ்த்துவார். அதுக்கு அவையின்ர பாஷையில பாட்டா எண்டு சொல்லுறது. நீங்கள் தமிழிலயே சொல்லுங்கோ."

பிறந்ததிலிருந்து நான் ஒருவரிடமும் கை விரித்ததில்லை. இது வாங்குகிற கை இல்லை, கொடுக்கிற கை என்று மகள் சொன்னபிறகு விரித்தேன். எல்லோரும் அதேபோல் விரித்தார்கள். "இந்த நாடு நல்லா இருக்கவேணும். இந்த வீட்டில சாப்பாடு குறையக்கூடாது. இந்த வீட்டுக்காரர் ரெண்டு பேரும் சுகமா இருக்கவேணும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு கூடாரம் நிறைந்த சனம் வாயை மூடிக்கொண்டு என்னைக் கேட்கும்போது நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. "என்ர மகள் எங்களோட ஊருக்கு வரவேணும். தைப்பொங்கலுக்கு ஆசுபத்திரி திறக்கவேணும்" என்று முடித்தேன்.

"ஓமின்" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில், இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு.

என் காதில் விழுந்தது ஓம். மகள் பக்கம் திரும்பினேன்.

"கேட்டியோ பிள்ளை. எல்லாரும் ஓம் எண்டிட்டினம்."

"அது ஓம் இல்லை அப்பா. ஓமின். அப்பிடியே நடக்கட்டும் எண்டு அர்த்தம்."

"அதைத்தான் நாங்களும் ஓம் எண்டு சொல்லுறம். சபையில சொன்ன ஓம் ஓம்தான். முடிஞ்சுது கதை."

மகள் தலையைக் குனிந்து துணியில் கிடந்த மாவுத் துண்டுகளை ஒன்று ஒன்றாகப் பொறுக்கினாள். அவளுடைய தாய் என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

லொறிக்காரர் தொண்டையைச் செருமினார். இப்போது வீட்டுக்காரரின் முறை. கையை விரித்து, ராகம் மாதிரி ஏறி இறங்கும் குரலில் தொடங்கினார். ஒரு வசனம் சொல்வார், சற்று நிறுத்துவார். எங்கள் வன்னியில் ஒருவர் கதைக்கும்போது கேட்கிறவர் மரம் மாதிரி இருந்தால் கதைக்கிறவருக்கு அவமானம். இடைக்கிடை ஓம் என்று சொல்ல வேண்டும். மாமனாரின் வரம்பில் பழகிய பழக்கம், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் வாய் தானாகச் சொல்லும். அவர் நிறுத்திய இடமெல்லாம் நான் "ஓம்" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. குரலை இன்னும் உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். கடைசியில் எல்லோரும் "ஓமின்" என்றபோது என் குரல்தான் எல்லாவற்றிலும் உரத்துக் கேட்டது. முகத்தையும் நன்றாகத் தடவினேன்.

தலையை நிமிர்த்தினால் மகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் நனைந்திருந்தது.

"என்ன சொன்னவர்?"

"நாடு சமாதானமா இருக்கவேணும் எண்டார். நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

"சரி."

"மழை பெய்யவேணும், புல்லு வளரவேணும் எண்டார். அதுக்கும் ஓம் எண்டனீங்கள்."

"அதில என்ன பிழை?"

"தூரத்தில இருந்து வந்த இந்தப் பிள்ளை இன்னும் ரெண்டு வருசம் எங்கட வீட்டில இருந்து, சின்னப்பிள்ளையளின்ர வைத்தியம் முழுக்கப் படிச்சு முடிச்சுத்தான் தேப்பனின்ர ஊருக்குப் போகவேணும் எண்டார்." அவள் கண்ணைத் துடைத்தாள். "அதுக்குத்தான் அப்பா பலத்த ஓம்."

நான் லொறிக்காரரைப் பார்த்தேன். அவர் கூரை வட்டத்துக்குள்ளால் தெரிந்த ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சபையில சொன்ன ஓம் ஓம்தான் எண்டு இப்ப ஆரோ சொன்ன மாதிரிக் கிடந்துது" என்றாள் என் மனைவி.

"எனக்கு அவற்ற பாஷை விளங்கேல்லை."

"உங்கட பாஷை அவைக்கு விளங்கினதோ? அவையின்ர ஓமைப் பிடிச்சுக்கொண்டு முடிஞ்சுது கதை எண்டியள்."

எழும்பி வெளியில் போனேன். குதிரைகள் கட்டையில் கட்டிக் கிடந்தன. அதில் ஒன்று என் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தது. கோபத்தில் போனேன் என்றுதான் உள்ளே நினைத்திருப்பார்கள். கோபம்தான். அந்த போர்டைக் காட்டி ஊரில் நான் சொன்ன கதைகளெல்லாம் ஞாபகம் வந்தது. தைப்பொங்கலுக்கு வந்து கேட்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

மனைவி பின்னால் வந்து நின்றாள். குதிரைப் பால் அவளுக்குத் தைரியம் கொடுத்திருந்தது, அல்லது எப்போதும் இருந்த தைரியம்தான்.

"இஞ்சருங்கோ. நீங்கள் தோட்டத்தை விட்டு வெளிக்கிடேக்க ஆரிட்டக் கேட்டனீங்கள்?"

நான் குதிரையின் கழுத்தைத் தடவினேன்.

"அவள் உங்களிட்டக் கேக்கிறாள். நீங்கள் ஒருத்தரிட்டையும் கேக்காமல் ஓடி வந்தனீங்கள். இண்டைக்கு இந்தச் சனம் என்னத்தைக் கொண்டாடுது? அதைத்தானே."

ஐந்தாம் வகுப்பு படித்தவனாக இருந்தாலும் எனக்கு விளங்க வேண்டியது விளங்கும். என்னிடம் இருப்பதெல்லாம் ஓம் என்று சொல்லி, சொன்னதைச் செய்து வந்தவை. வயல், மில், இந்த மனைவிகூட. பாஷை விளங்காமல் சொன்னேன் என்று ஒருதரம் பின்வாங்கினால், பிறகு நான் சொல்லும் ஓமுக்கும் சும்மா தலையாட்டுவதற்கும் என்ன வித்தியாசம்? அதுவும் ஓர் அந்நிய நாட்டில், அவர்களுடைய பெரிய நாளில், மரியாதைக்குரிய இடத்தில் இருந்துகொண்டு சொன்னது.

உள்ளே போய் நின்றேன். "பிள்ளை, சொல்லு. ஓம் எண்டது ஓம்தான். ரெண்டு வருசம்."

மகள் அதை மொழிபெயர்க்கவே இல்லை. எழும்பி ஓடிவந்து என் தோளில் முகத்தை வைத்தாள். லொறிக்காரருக்கு அது போதுமாக இருந்தது. அவர் எழுந்தார், மற்றவர்களும் எழுந்தார்கள். ஒரு புதுத் தொப்பியை இரண்டு கையாலும் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். இதை நிலத்தில் போடக்கூடாது, எவருக்கும் விற்கக்கூடாது என்றார். நான் ஓம் என்றேன், இந்தமுறை மகள் மொழிபெயர்த்த பிறகு.

இருள் விழ நகரத்துக்குத் திரும்பினோம். சதுக்கத்துக்கு மேலே வாணவெடி தொடங்கியது. முதல் வெடிக்கு என் மனைவி குனிந்துவிட்டாள். என் கையும் தானாக அவள் தலைக்கு மேலே போனது. எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாயத்தில் கேட்கும் வெடிக்கு ஒரே அர்த்தம்தான். லொறிக்காரரின் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, வந்து என் மனைவியைத் திடீரென்று பிடித்தார். இந்தமுறை அவள் விலகவில்லை. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்தாள். பச்சையும் சிவப்பும் விரிந்து பெய்துகொண்டிருந்தன. "வடிவாத்தான் கிடக்கு" என்றாள். சனம் ஒவ்வொரு வெடிக்கும் கை தட்டியது. நாங்களும் கடைசியில் தட்டினோம்.

தைப்பொங்கலுக்கு ஆசுபத்திரி திறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நான் தொப்பியைக் காட்டிக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நன்றாக வந்தது. திறப்பு விழாவில்கூட எனக்கு இவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது. ஆசுபத்திரிக்குள் நெல் மூட்டை அடுக்கினேன். நோயாளர் கதிரைகளில் மில்லுக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். "டொக்டர் நெல்லுக்கு ஊசி போடுறாவோ?" என்று லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் நெல் கொண்டுவந்த ஒருவர் கேட்டார். "சின்னப்பிள்ளையளின்ர பெரிய டொக்டராகி வாறா. அதுவரைக்கும் நெல்லு காவல் இருக்கும்" என்றேன்.

அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் ஆவணிக் கடைசி நாளில் மில்லை மூடினேன். மாசி நான்குக்கு மூடாதவன் இதற்கு மூடுகிறான் என்று ஊர் சிரித்தது. மில்லில் வேலை செய்கிறவர்களுக்குப் பாய் விரித்து, மனைவி வாய்ப்பன் சுட்டுப் பாய் தெரியாமல் இறைப்பாள். தேத்தண்ணியை அரைக் கிண்ணம் ஊற்றினால் எங்கள் ஆட்கள் கோபிப்பார்கள் என்பதால் அதை மட்டும் நிரப்பினோம். சாப்பிட்டு முடிய நான் தொப்பியோடு கை விரிப்பேன். எல்லோரும் "ஓமின்" என்பார்கள். பக்கத்து ரோட்டால் போன ஒருவர், மில்லில் என்ன பஜனையோ என்று கேட்டாராம்.

போன ஆவணியில் அப்படி இருந்தபோது மகள் வீடியோவில் வந்தாள். லொறிக்காரரும் மனைவியும் அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். அவர் என் தொப்பியைக் கண்டு தன் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையை விரித்தார்.

என் மனைவி வாய்ப்பன் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். "வாயைத் திறக்காதைங்கோ. என்னெண்டு கேட்டிட்டுச் சொல்லுங்கோ."

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன். மில் ஆட்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். லொறிக்காரர் ஒரு வசனம் சொல்லி நிறுத்தினார்.

"பயப்பிடாதைங்கோ அப்பா" என்றாள் மகள். "உங்கட குளம் நிறைய மழை பெய்யவேணும் எண்டு சொல்லுறார்."

விதைப்புக்கு மழை பார்த்திருந்த நேரம். அதற்கு நான் ஓம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? சொன்னேன். சொன்ன வேகத்தில் வாய் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. அவர் அடுத்த வசனத்தை நிறுத்திய இடத்திலும் ஓம் வந்துவிட்டது. அங்கே மூன்று பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"இப்ப என்னத்துக்கு ஓம் எண்டனான்?"

"தைப்பொங்கலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அவை ரெண்டு பேரும் எங்கட ஊருக்கு வருகினமாம். ஆசுபத்திரி திறக்கிறதைப் பாக்கினமாம்."

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு நானும் ஓம்" என்றாள். மில் ஆட்களும் கேட்காமலே "ஓமின்" என்றார்கள்.

"நிண்டுகொள்ளுங்கோ, முடியேல்லை" என்றாள் மகள். "குதிரையை முந்துற உங்கட சவாரிச் சோடியைப் பூட்டி, அந்த வண்டிலில அவர் நிண்டு ஓடவேணுமாம். அதுக்கும் நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டியள்."

பட்டியில் படுத்திருந்த சோடியில் ஒன்று அந்த நேரம் பார்த்துக் கத்தியது. ஆட்கள் சிரித்த சிரிப்பில் போனில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

இதை எழுதும்போது ஆசுபத்திரிக்குள் இருந்த நெல் மூட்டைகளை வெளியே எடுத்து, சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. போர்டில் மகளின் பெயருக்குக் கீழே குழந்தைகள் வைத்தியர் என்று இன்னொரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஜெயபுரத்தில் ஒருவரிடம் நல்ல இளம் சோடி ஒன்று நிற்கிறதாம், வெளிக்கிட்டால் கண்ணுக்குத் தெரியாதாம். நாளைக்கு விடிய வந்து பார்ப்பீர்களோ என்று ஆள் அனுப்பிக் கேட்டார். ஓம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.